ஒரே வரிசையில் மூன்று பி.டி.எஃப். பிரிண்டர்

பிரிண்ட் பொத்தானை அழுத்தியதும் விரிந்த பட்டியலில் எட்டுப் பெயர்கள். மேஜையில் இருந்ததோ ஒரே ஓர் இன்க்-டேங்க் பிரிண்டர். பட்டியலில் அது ஒருமுறை, அதுவே 'காப்பி 1' என்று இன்னொருமுறை. விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப்., எக்ஸ்.பி.எஸ். டாக்குமென்ட் ரைட்டர், ஃபேக்ஸ், ஆஃபீஸோடு வந்த ஒன்நோட் ஆகியவை அடுத்து. இவை போக எங்கிருந்தோ இறக்கிப் போட்ட இலவச பி.டி.எஃப். பிரிண்டர்கள் இரண்டு. டிக் அடையாளத்தோடு 'டீஃபால்ட்' என்று நின்றது அந்த இரண்டில் பழையது.

"இதை நான் எடுத்துட்டேனே தம்பி. மவன் பெங்களூர்ல இருந்து போன்ல சொன்னான், பழசை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு வேற ஒண்ணு போடுங்கம்மான்னு. அப்படித்தான் செஞ்சேன்" என்றார் அக்கா. பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். மறுநாள் தேர்வுக்கான வினாத்தாளை பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டும். வேர்டில் பிரிண்ட் கொடுத்தால் எதுவும் நடக்கவில்லை. எங்கே சேமிப்பது என்று கேட்கும் பெட்டிகூட வரவில்லை. அதைவிட வினோதம், சற்று நேரம் கழித்து அதே பட்டியலைத் திறந்தால் எட்டுப் பெயரும் மாயம். பிரிண்டரே இல்லை என்கிறது கம்ப்யூட்டர். இன்க்-டேங்க்கும் சேர்ந்து ஊமையாகிவிட்டதால், அதை ரிப்பேருக்குக் கடையில் கொடுப்பதற்காகப் பையில்கூட எடுத்து வைத்திருந்தார். திரும்ப எடுத்து வயரை மாட்டச் சொன்னேன்.

பட்டியலே காணாமல் போகிறது என்றால் கோளாறு பிரிண்டரில் இல்லை. ஆனால் அதை அக்கா தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. குரோமைத் திறந்து, ஏதோ ஒரு பக்கத்தில் பிரிண்ட் கொடுத்து, 'சேவ் அஸ் பி.டி.எஃப்.' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். கோப்பு உடனே டெஸ்க்டாப்பில் வந்து விழுந்தது. அக்கா என்னைப் பார்த்தார். "இது மட்டும் எப்படி வருது?"

அது பிரிண்டரே இல்லை என்பதுதான் பதில். குரோம் தன் வயிற்றுக்குள்ளேயே பி.டி.எஃப். செய்துகொள்கிறது, விண்டோஸின் அச்சு வரிசைப் பக்கம் அது போவதே இல்லை. வேர்டின் 'சேவ் அஸ்' வழியும் அப்படித்தான். 'பிரிண்ட்' என்று கொடுத்து ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் வேலை ஸ்பூலர் என்ற சேவையிடம் போகிறது. காகிதம் வைத்த பிரிண்டரோ, பி.டி.எஃப். பிரிண்டரோ, ஃபேக்ஸோ, எல்லாருக்கும் ஸ்பூலர் ஒன்றுதான். அது விழுந்தால் எல்லாரும் விழுவார்கள். ஆக ஒரே சோதனையில் பாதி வீடு தேடியாயிற்று: பி.டி.எஃப். செய்யும் திறமை கம்ப்யூட்டருக்கு இருக்கிறது, அச்சு வரிசைதான் செத்திருக்கிறது. இப்படிப்பட்ட புகார் எங்கே வந்தாலும் நான் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான்.

ஏன் ஒரு மென்பொருள் பிரிண்டர்போல வேஷம் கட்டவேண்டும் என்று யாரும் கேட்கலாம். அடோபி நிறுவனம் பி.டி.எஃப்.ஐ 1993-ல் கொண்டுவந்தபோது அதை உருவாக்கக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கவேண்டியிருந்தது. மற்ற நிரல்களுக்கு அந்த வித்தை தெரியாது. ஆனால் எல்லா நிரல்களுக்கும் பிரிண்ட் எடுக்கத் தெரியும். அதனால் கண்டுபிடித்த குறுக்குவழி இது. பிரிண்டர் என்று சொல்லிக்கொண்டு ஒரு மென்பொருள் உட்கார்ந்திருக்கும். அதற்கு அனுப்பும் பக்கங்களைப் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் வாங்கி, பி.டி.எஃப். ஆக மாற்றிக் கோப்பாகக் கொடுக்கும். அந்த மாற்றும் வேலையைச் செய்வது பெரும்பாலும் கோஸ்ட்ஸ்கிரிப்ட். பீட்டர் டாய்ச் 1988-ல் வெளியிட்ட இலவச நிரல். 2000-களில் இந்த வகை பிரிண்டர் இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டர் குறைவு. பிரவுசிங் சென்டர்களில் புது மெஷின் வந்தால் விண்டோஸுக்கு அடுத்து இதைத்தான் போடுவார்கள்.

அந்தத் தேவை என்றோ தீர்ந்துவிட்டது. ஓப்பன்ஆஃபீஸ் 2003-லேயே பி.டி.எஃப். ஏற்றுமதியைச் சேர்த்தது. 2015-ல் விண்டோஸ் 10 தன் சொந்த பி.டி.எஃப். பிரிண்டரோடு வந்தது. ஆனால் பழக்கம் போகவில்லை. ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்றைப் போடுகிறோம். அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் நடந்ததும் அதுதான்.

சர்வீசஸ் பட்டியலைத் திறந்தேன். 'பிரிண்ட் ஸ்பூலர்' எதிரே 'ரன்னிங்' என்ற சொல் இல்லை. ஸ்டார்ட் கொடுத்தால் எழுகிறது. அரை நிமிடம் கழித்து ரெஃப்ரெஷ் செய்தால் மறுபடி இல்லை. அதன் 'ரெகவரி' பக்கத்தில் விதி எழுதியிருக்கிறது: முதல் இரண்டு முறை விழுந்தால் விண்டோஸ் தானே எழுப்பும், அதற்கு மேல் கைவிட்டுவிடும். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் பட்டியல் தெரிவதும் பிறகு காலியாவதும் இதனால்தான். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணா கொஞ்ச நேரம் நல்லா இருக்கு" என்று அக்கா சொன்னதும் இதைத்தான்.

எதனால் விழுகிறது? இந்த இடத்தில் பலர் ஊகத்தில் இறங்கி எதையாவது அழிக்கத் தொடங்குவார்கள். ஊகிக்கவே வேண்டாம், விண்டோஸ் குறிப்பு எழுதி வைத்திருக்கும். ஈவென்ட் வியூவரில் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'அப்ளிகேஷன்'. சிவப்பு வட்டம் போட்ட வரிகளில் ஐ.டி. 1000 என்று இருப்பதைத் தேடினேன். அடுக்கடுக்காக இருந்தது. ஒன்றைத் திறந்தால் முதல் வரியில் விழுந்த நிரலின் பெயர், ஸ்பூலர். அடுத்து 'ஃபால்ட்டிங் மாட்யூல்' என்ற வரி. விழவைத்த கோப்பின் பெயர் அங்கே. ஒரு டி.எல்.எல். கோப்பு, அக்கா 'எடுத்துவிட்ட' அதே பழைய இலவச பிரிண்டருடையது. கீழே உள்ள வரிகள் எல்லாவற்றிலும் அதே பெயர்.

அன்இன்ஸ்டால் செய்தபோது நிரலின் ஃபோல்டர் போய்விட்டது. பிரிண்டர் என்ற பெயர், அதன் போர்ட், அதன் டிரைவர் மூன்றும் விண்டோஸுக்குள்ளேயே தங்கிவிட்டன. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர் பேருக்குத் தபால் வந்துகொண்டே இருப்பதுபோல, வேர்ட் அனுப்பும் பக்கங்கள் அந்த முகவரிக்குப் போகின்றன. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அங்கே நின்ற டி.எல்.எல். தடுமாறி விழும்போது ஸ்பூலரையும் கையோடு இழுத்துக்கொண்டு விழுகிறது.

சரி, அக்கா புதியதை அல்லவா போட்டார், பழையதற்கு ஏன் போகிறது? செட்டிங்ஸில் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பக்கத்தின் கீழே ஒரு டிக்: டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும். இது இருந்தால் கடைசியாக எந்தப் பெயருக்கு அச்சு கொடுத்தோமோ அதுவே அடுத்த டீஃபால்ட். வீட்டில் ஒரு இடம், ஆஃபீஸில் ஒரு இடம் என்று லேப்டாப்போடு அலைபவருக்கு இது வசதி. நான்கைந்து போலிப் பெயர்கள் நிற்கும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இது பெருந்தொல்லை. டிக்கை எடுத்துவிட்டேன்.

இனி கைவேலை. முதலில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட். பிறகு ஸ்பூலரை முழுதாக நிறுத்திவிட்டு, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போனேன். கடைசி ஃபோல்டரைத் திறக்க அட்மின் அனுமதி கேட்கும். உள்ளே ஜோடி ஜோடியாகக் கோப்புகள்: எஸ்.பி.எல். என்று முடிவது அச்சுக்குப் போகவேண்டிய பக்கங்கள், எஸ்.எச்.டி. என்று முடிவது யார் அனுப்பியது, எந்தப் பிரிண்டருக்கு என்ற சீட்டு. எல்லாம் அக்கா திரும்பத் திரும்ப அனுப்பிய வினாத்தாள்கள். ஸ்பூலர் எழும்போதெல்லாம் இவற்றில் முதலாவதை எடுத்து அச்சிட முயலும், உடனே விழும். பூராவையும் அழித்தேன். பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரைத் தொடக்கூடாது, உள்ளே இருப்பதை மட்டும்தான். ஸ்பூலரை எழுப்பினேன், இம்முறை விழாமல் நின்றது.

இத்தோடு முடித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. சாயங்காலமே மறுபடி போன் வரும்.

பட்டியலில் பழைய பிரிண்டரை வலது கிளிக் செய்து 'ரிமூவ் டிவைஸ்'. பெயர் போயிற்று, டிரைவர் போகாது. அதே செட்டிங்ஸ் பக்கத்தில் 'பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்' என்று ஒரு இணைப்பு உண்டு. பிரிண்ட் சர்வர் எதுவும் வீட்டில் இல்லையே என்று யாரும் அதைத் தொடுவதில்லை. ப்ரோ பதிப்பில் உள்ள பிரிண்ட் மேனேஜ்மென்ட் ஹோம் பதிப்பில் கிடையாது என்பதால், அக்கா கம்ப்யூட்டரில் நம்பவேண்டியது இதைத்தான். அதில் 'டிரைவர்ஸ்' தாவல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே டைப் 3 அல்லது டைப் 4 என்று போட்டிருக்கும். டைப் 4 என்பது விண்டோஸ் 8 காலத்தில் வந்த புது முறை, மைக்ரோசாஃப்டின் பி.டி.எஃப். பிரிண்டர் அந்த வகை. இலவசங்கள் இரண்டுமே டைப் 3.

பழையதைத் தேர்ந்தெடுத்து ரிமூவ் கொடுத்ததும் பெட்டி கேட்டது: டிரைவரை மட்டுமா, பேக்கேஜையும் சேர்த்தா? சேர்த்துத்தான் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் விதை உள்ளேயே கிடக்கும். ஓகே கொடுத்தால், டிரைவர் உபயோகத்தில் இருக்கிறது, எடுக்கமுடியாது என்ற பதில். பெயரே போய்விட்ட பிரிண்டரின் டிரைவரை யார் உபயோகிக்கிறார்கள்? ஸ்பூலர்தான் தன் நினைவில் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு ஜன்னலில் சர்வீசஸ், பக்கத்தில் டிரைவர்ஸ் தாவல். ஸ்பூலருக்கு ரீஸ்டார்ட் கொடுத்த கையோடு, அது எதையும் பிடிக்குமுன் இங்கே ரிமூவ். போயிற்று. 'போர்ட்ஸ்' தாவலில் அதன் பெயரில் நின்ற போர்ட்டையும் அழித்தேன்.

புதிய இலவசம் தப்பு ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் எடுத்துவிடலாம் என்றேன். அக்காவுக்கு மனமில்லை. "ஒரு தாள்ல ரெண்டு பக்கம் போடுறதுக்கு அதுதானே வசதி?" நியாயமான கேள்வி, இதற்காகத்தான் பலர் இந்த பிரிண்டர்களை விடாமல் வைத்திருக்கிறார்கள். வேர்டின் பிரிண்ட் பக்கத்தில் கடைசிக் கட்டத்தைக் காட்டினேன்: '1 பேஜ் பெர் ஷீட்' என்று இருப்பதை 2 ஆக்கினால் போதும், எந்தப் பிரிண்டராக இருந்தாலும் நடக்கும். "இது இங்கனயே இருக்கா!" என்றார். அதன்பின் அவரே கன்ட்ரோல் பேனலைத் திறந்து அன்இன்ஸ்டால் கொடுத்தார். மிச்சம் ஏதும் தங்கியிருக்கிறதா என்று டிரைவர்ஸ் தாவலில் பார்த்தோம். இது சுத்தமாகவே போயிருந்தது.

விண்டோஸின் சொந்த பி.டி.எஃப். பிரிண்டரையும் ஒருமுறை பார்த்தேன். ப்ராப்பர்ட்டீஸில் போர்ட் என்ற இடத்தில் 'போர்ட்ப்ராம்ப்ட்' என்று இருக்கவேண்டும், இருந்தது. வேறு ஏதாவது இருந்தால் 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப். எதிரே உள்ள டிக்கை எடுத்து, மறுபடி போட்டால் புதிதாக அமைத்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட் வசதியே இல்லாத பழைய கணக்கு மென்பொருள் மாதிரி ஏதாவதற்கு பி.டி.எஃப். பிரிண்டர் தேவைப்பட்டால் இந்த ஒன்று போதும்.

அக்காவின் வினாத்தாள் பாமினி எழுத்துருவில் அடித்தது. அதனால் இன்னொன்றையும் பார்க்கவேண்டியிருந்தது. பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். எழுத்துரு கோப்புக்குள் பொதிந்து போகாவிட்டால், பிள்ளைகளின் போனில் அந்த ஆங்கிலக் குப்பைதான் தெரியும். வேர்டில் 'சேவ் அஸ்' கொடுத்து பி.டி.எஃப். ஆக்கி, அதை அடோபி ரீடரில் திறந்து, 'டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸ்' போய் 'ஃபான்ட்ஸ்' தாவலைப் பார்த்தோம். பாமினி, அதன் எதிரே 'எம்பெடட் சப்செட்'. அது இருந்தால் எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும். தேடவோ காப்பி எடுக்கவோ முயன்றால் மட்டும் ஆங்கில எழுத்துகள் வரும். அதற்கு யூனிகோடில் அடிப்பதைத் தவிர வழியில்லை. அடுத்த வினாத்தாளிலிருந்து யூனிகோடுக்கு மாறிவிடுங்கள் என்றேன். விரல் பாமினிக்குப் பழகிவிட்டது என்று அக்கா பிடிகொடுக்கவில்லை.

கோப்பைக் குழுவில் போட்டார். நான் காபியை முடிப்பதற்குள் முதல் பதில் வந்துவிட்டது: "மிஸ், ஆறாவது கேள்விக்கு மார்க் போடல."