சிறைக் காவலருக்கு நாம் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்?

சிறைக் காவலர்களின் மனநலம் பற்றி எழுதப்போகிறோம் என்றதும் எங்கள் தாம்பரம் குழுவிலேயே எதிர்ப்பு வந்தது. "நம்ம பசங்கள அடிக்கிறவனுக்கு நாமளே வக்காலத்தா?" நியாயமான கேள்விதான் தோழர்களே. இந்தியச் சிறைகளில் தலித்துகள் மக்கள்தொகை விகிதத்தைவிடக் கூடுதலாகவே அடைபட்டிருக்கிறார்கள். ஆனால் லத்தியோடு நிற்கிற இரண்டாம் நிலைக் காவலரும் பல நேரம் நம் தெருக்காரர்தான். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் போலீஸ், சிறை, தீயணைப்பு மூன்றுக்கும் சேர்த்தே தேர்வு வைக்கிறது. சிறைத்துறைக்கு ஆசைப்பட்டுப் போனவரை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

எங்களிடம் வந்தவர் எந்தச் சிறை என்று எழுதப்போவதில்லை. இரவுப் பணியில், தூக்கில் தொங்கிய ஒரு கைதியைக் கீழே இறக்கியவர் அவர். அதன்பிறகு தூக்கம் போய்விட்டது. பூட்டிய பூட்டை மறுபடி மறுபடி போய் இழுத்துப் பார்ப்பாராம். லீவு போட்டார், பிறகு சொல்லாமலே நின்றார், மெமோ வந்தது. "கோட்டாவுல வந்தா இப்படித்தான்" என்று மேலதிகாரி ஒருவர் சொன்னதைத்தான் அவர் எங்களிடம் முதலில் சொன்னார். தூக்குச் சம்பவத்தை மூன்றாவது சந்திப்பில்தான் சொன்னார். அவர் மனைவி கொண்டுவந்த மருத்துவச் சான்றில் இருந்தது முதுகுவலி. "மனசு சரியில்லன்னு எழுதுனா வேலை போயிடும்க்கா."

போகக் கூடாது என்கிறது சட்டம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் ஒரு குறைபாடு. பிரிவு 20(4)-இன்படி பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. அந்த வேலை முடியாதென்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். சலுகைகளுக்குக் கேட்கிற 40 சதவீதக் கணக்கு இந்தப் பிரிவில் இல்லை. அரசு விலக்கு அளித்துக்கொள்ளலாம் என்ற ஓட்டையும் கூடவே இருக்கிறது, அது வேறு விஷயம். 2021 டிசம்பரில் சிஆர்பிஎஃப் அதிகாரி ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் உச்ச நீதிமன்றம், மனநலக் குறைபாடுள்ளவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதே மறைமுகப் பாகுபாடு என்றது. துப்பாக்கி கையாளத் தேவையில்லாத பணி கொடுங்கள் என்றும் வழிகாட்டியது.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் கைதிகளுக்கென்று ஒரு பிரிவே வைத்திருக்கிறது, 103. காவலருக்கு அப்படி ஒன்று இல்லை. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில், கைதிகளுக்குச் சாதி பார்த்து வேலை பிரிப்பதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நம் பாளையங்கோட்டைச் சிறையும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. காவலர் மெஸ்ஸில் இருக்கிற சாதி அந்த வழக்கின் கேள்வியே அல்ல.

எதிர்த்த தோழர்களிடம் ஒன்று கேட்டோம். மூன்று நாள் தூங்காதவர் கையில் லத்தி இருந்தால் அடி யார்மேல் விழும்? மேலதிகாரிமேலா?

முதுகுவலிச் சான்றை விட்டுவிட்டு, மனநல மருத்துவரின் சான்றோடு 20(4)-ஐக் குறிப்பிட்டு மனு கொடுத்தோம். நான்கு மாதமாகிறது. மனுவுக்குப் பதில் இல்லை, மெமோ விசாரணைக்கு அடுத்த தேதி மட்டும் வந்திருக்கிறது.