லேவியராகமம் வாசித்த லெந்து

மார்ச் 5, 2025. சாம்பல் புதன்

லெந்து தொடங்கினால் எங்கள் பலசரக்குக் கடையில் கருவாட்டு விற்பனை படுத்துவிடும். பாசிப்பயறும் மொச்சையும் ஏறும். பாளையங்கோட்டையில் எந்தத் தெருவில் எத்தனை வேதக்காரர் வீடு என்று அறிய வேறு ஆவணம் தேவையில்லை, இந்த மாதத்துக் கல்லாவே சொல்லிவிடும். கறியும் மீனும் விடுவது நல்ல பழக்கம்தான். சிறுபிள்ளையிலிருந்து நானும் விட்டு வருகிறேன். ஆனால் விடக்கூடியவற்றில் ஆக எளிதானது அதுதானோ என்று வர வர எனக்கொரு சந்தேகம். இன்று ஒதுக்கி வைக்கும் ஆட்டுக்கறி ஈஸ்டர் மதியம் தவறாமல் இலைக்கு வந்துவிடுகிறது.

சபையில் எல்லோரும் பாடுகளின் சரித்திரம் வாசிக்கும் காலத்தில் நான் லேவியராகமத்தை எடுத்திருக்கிறேன். பலி, தீட்டு, குஷ்டம் என்று வருவதால் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போகிற புத்தகம். எனக்கு வேண்டியது 19ஆம் அதிகாரம். தேவன் பரிசுத்தராயிருப்பதால் அவருடைய ஜனமும் பரிசுத்தமாயிருக்க வேண்டும் என்று தொடங்குகிற அதிகாரம் அது. பேதுரு முதல் நிருபத்தில் எடுத்துச் சொல்வதும் இந்தக் கட்டளையைத்தான். அதன்பின் என்ன வரும் என்று எதிர்பார்ப்போம்? ஜெபம், உபவாசம், கண்ணீர். வருவதோ தாய் தகப்பன், ஓய்வுநாள், விக்கிரகம், பலி என்று நான்கு வார்த்தை. அப்புறம் நேராக வயலுக்குள் இறங்கிவிடுகிறது. அறுக்கும்போது வயலோரத்தை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. கூலிக்காரன் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திராதே. செவிடனை நிந்திக்காதே. கோள் சொல்லித் திரியாதே. கடைசியில் தராசு, நிறைகல், மரக்கால், படி. உபவாசத்தைப் பற்றி அந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வகை நூல் கலந்த துணி உடுத்தக் கூடாது என்பதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. வேண்டியதை மட்டும் பொறுக்கினேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அதனால் அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

தூத்துக்குடியிலிருந்து அக்காள் வந்திருந்தாள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போன பிறகு நகையைக் கழற்றியவள், வெள்ளைச் சேலைதான் உடுத்துவாள். என் காதைப் பார்த்துவிட்டு, “இது யாருக்குச் சாட்சிடி?” என்றாள். வழக்கமான கேள்வி, நானும் வழக்கம்போலச் சிரித்தேன்.

நம் சி.எஸ்.ஐ. ஆட்கள் இதை வைத்து அவளைக் கேலி செய்வதுண்டு. நான் செய்வதில்லை. அவள் மகளுக்கு நல்ல இடம் ஒன்று வந்து, மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பவுன் என்று கேட்டபோது, பெண்ணுக்கும் நகை கிடையாது, பணமாகவும் கிடையாது என்று சொல்லிவிட்டாள். சம்பந்தம் முறிந்தது. உறவுக்காரர் எல்லாரும் ஏசினார்கள். வரதட்சணை பாவம் என்று மேடையில் பேசிவிட்டு மகன் கல்யாணத்தில் கணக்காக வாங்கிக்கொண்டவர்களை நிறையப் பார்த்தவள் நான். அக்காள் தன் சொல்லுக்கு விலை கொடுத்தாள்.

சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு கிளாரிந்தா கட்டின கோயில் பக்கம் நடந்தேன். பாப்பாத்தியம்மாள் கோயில் என்றால்தான் இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும். தஞ்சாவூரைச் சேர்ந்த மராட்டியப் பிராமண விதவை, பெயர் கோகிலா. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு இருந்தார். வேதம் கற்றுக்கொண்டு ஞானஸ்நானம் கேட்டபோது, கல்யாணம் செய்யாமல் சேர்ந்திருக்கிறவருக்குக் கொடுக்க முடியாது என்று மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல் கொடுத்தார். 1785இல் அந்த அம்மாள் கோயிலைக் கட்டி முடித்தார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பேர், முதல் பெயர் அவருடையது.

சுவார்ட்ஸ் செய்தது சட்டப்படி சரி. என்றாலும் எனக்கு ஆறவில்லை. வாசலில் நிறுத்தப்பட்டவர் அந்த அம்மாள். அதே வீட்டில் இருந்த, பிறந்ததிலிருந்து கிறிஸ்தவரான ஆண்? அக்காளிடம் இதைச் சொன்னேன். “அவன் கணக்கு அவனுக்கு” என்றாள். நம் சபைகளில் பரிசுத்தக் குறைச்சல் என்ற விசாரணை வந்தால் இன்றும் முதலில் எழுந்து நிற்க வேண்டியவள் பெண்தான்.

மார்ச் 15, சனி

சனிக்கிழமை கட்டட வேலைக்காரர்களுக்குச் சம்பள நாள். அன்று சாயங்காலம் கொத்தனார்களும் சித்தாள்களும் பற்று நோட்டோடு கடைக்கு வருவார்கள். வாரம் முழுதும் வாங்கினதைத் தீர்த்துவிட்டு அடுத்த வாரத்துக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். கொஞ்ச நாளாக ஒரு சித்தாள் பாதிதான் தீர்க்கிறாள். இன்று கேட்டேன்.

“முழுக்கூலி வரல டீச்சர். பில்லு பாஸாவலன்னு சொல்லுதாக. வந்ததும் மொத்தமா தாராகளாம்.”

யார் என்று கேட்டதும் தெரிந்தது. எங்கள் சேகரத்து ஆள், காண்டிராக்டர், கமிட்டியிலும் இருக்கிறார். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவரை அரக்கனாகவும் நான் நினைக்கவில்லை. அவருக்கு வர வேண்டிய பணமும் எங்கேயோ ஒரு மேசையில் கிடக்கிறது, அது உண்மைதான். ஆனால் மேலே இருக்கிறவன் தாமதித்தால் அந்தத் தாமதம் படிப்படியாக இறங்கி, தாமதிக்க யாருமே இல்லாதவள் வீட்டு உலைப்பானையில் வந்து நிற்கிறது. லேவியராகமம் விடியும்வரை என்று நேரம் குறிக்கிறது. யாக்கோபு நிருபம் ஒரு படி மேலே போய், பிடித்து வைத்த கூலியே கூக்குரல் இடுகிறது என்கிறது. அன்றன்றைக்கு உழைத்து அன்றன்றைக்கு உண்கிறவனுக்கு ராத்திரி எவ்வளவு நீளம் என்று தெரிந்தவர் எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் கடையில் இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, ஒரு பழக்கம். லாரிச் சரக்கு இறங்கினதும் கையைத் துடைக்கிற நேரம்கூடக் கொடுக்காமல் லோடுமேன்களுக்குக் காசை எண்ணிவிடுவார். பக்தி என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் அப்பா அப்படிச் செய்தாராம், அவ்வளவுதான்.

மார்ச் 24, திங்கள்

பதனீர்க் காலம் பிறந்தாயிற்று, புதுக் கருப்பட்டி வரத் தொடங்கிவிட்டது. கூடவே கருப்பட்டித் தொல்லையும். பதனீரில் சீனியைக் கொட்டிக் காய்ச்சினால் கருப்பட்டி நிறையக் கிடைக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும், விலையும் குறைச்சல். வியாபாரி இன்று இரண்டு தினுசையும் காட்டி, “எல்லாக் கடையிலயும் இதத்தான் சுத்தக் கருப்பட்டின்னு போடுதாக அண்ணாச்சி, நீங்க மட்டும் ஏன் ஒதுங்குதிய?” என்றார். இவர் இரண்டையும் எடுத்து, இரண்டு பெட்டியிலும் அட்டை எழுதிச் செருகிவிட்டார். ஒன்றில் ‘பனங்கருப்பட்டி’, மற்றதில் ‘சீனி சேர்த்தது’.

தராசுக்கு வருஷா வருஷம் அரசாங்க முத்திரை உண்டு. அது எடைக்கு மட்டும்தான். எடை சரியாக இருந்து பேர் பொய்யாக இருந்தால் எந்த முத்திரையும் பிடிக்காது. பழைய கருப்பட்டி ஈரம் வற்றி எடை குறைந்துபோகும், அந்த நட்டத்தை யார் தலையில் வைப்பது என்ற கேள்வியும் உண்டு. பிரசங்கத்தில் இதெல்லாம் வருவதில்லை. வந்தால் கேட்க நல்ல கூட்டம் இருக்கும், பாளையங்கோட்டையில் பாதிச் சபை வியாபாரி.

மார்ச் 30, ஞாயிறு

ஆராதனையில் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்று பாடினோம். பாடும்போது தொண்டை அடைத்தது, எப்போதும் அடைக்கும். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்ஸிடம் வளர்ந்து, தஞ்சைச் சரபோஜி மன்னரோடு பழகியவர். தமிழ்க் கிறிஸ்தவனின் நாவில் அவர் போட்ட தாளம் இன்னும் நிற்கிறது.

அதே சாஸ்திரியார்தான் 1820களின் கடைசியில் புது மிஷனரிகளை எதிர்த்து எழுதினார். வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், பண்டிகைக்குப் பூவை விலக்குகிறார்கள், கீர்த்தனை பாட விடுவதில்லை, சாதி பாராமல் எல்லோரையும் கலந்து உட்காரச் சொல்கிறார்கள் என்பவை அவர் குறைகள். பூவிலும் பாட்டிலும் நியாயம் முழுக்க அவர் பக்கம். அந்த வழக்கில் அவர் தோற்றிருந்தால் நாம் இன்று இங்கிலீஷ் மெட்டை மட்டும் முனகிக்கொண்டிருப்போம். உட்காரும் இடத்தில்தான் கால் வழுக்கியது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டதும் தஞ்சாவூரில் எத்தனையோ பேர் சபையைவிட்டே போனார்கள். வேதம் வேண்டும், பக்கத்துப் பாய் வேண்டாம்.

கலாசாரத்தைக் காக்கிறோம் என்ற நல்ல துணியில் இந்த ஒரு முடிச்சையும் சேர்த்துக் கட்டிவிடுவது நமக்குக் கைவந்த வித்தை. தமிழ்நாட்டில் சில கல்லறைத் தோட்டங்களில் செத்தவர்களுக்குக்கூடச் சாதிப் பக்கம் இருப்பதை எல்லோரும் அறிவோம். நகை போட மறுத்து ஒரு சம்பந்தத்தையே விட்ட என் அக்காள் வீட்டில், பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணுக்குத் தனி டம்ளர். போன முறை போயிருந்தபோது அந்த டம்ளரில் நான் காபி குடித்தேன். அக்காள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 9, புதன்

80 வருஷத்துக்கு முன் இதே நாளில் ஃப்ளாசன்பூர்க் முகாமில் நாஜிகள் ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபரைத் தூக்கிலிட்டார்கள். வயது 39. சின்ன உதவிகுரு சில நாளுக்கு முன் வாலிபர் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசினார், நானும் பின்வரிசையில் இருந்தேன். 1934இல் காந்தியடிகள் தம்மோடு வந்து தங்க அழைத்தும், இந்தியாவுக்கு வர முடியாமல் போனவர். அடுத்த வருஷம் ஃபின்கன்வால்டயில் குருமாணவர்களுக்குப் பொறுப்பேற்றார். 1937இல் ரகசியப் போலீஸ் அதை மூடியது. அந்த வருஷம்தான் சீடத்துவத்தைப் பற்றிய அவர் புத்தகம் வந்தது. விசுவாசிப்பது வேறு, கீழ்ப்படிவது வேறு என்று பிரித்து வைத்துக்கொண்டு முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம்.

என் மனதில் நின்றது புத்தகம் அல்ல. அந்த விடுதியில் அவர் வைத்த ஒரு விதி. ஒரு சகோதரன் இல்லாத இடத்தில் அவனைப் பற்றிப் பேசக் கூடாது, பேசிவிட்டால் அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். கோள் சொல்லித் திரியாதே என்ற லேவியராகமக் கட்டளையை வீட்டுக்குள் கொண்டுவர இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதை ஒருநாள் செய்து பார்க்கலாமே என்றேன். எல்லோரும் ஆர்வமாகச் சம்மதித்தார்கள். அன்றைக்குக் கூட்டம் வழக்கத்துக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிட்டது. ஜெபக் குறிப்பு கேட்டபோதுகூட, “நம்ம இவ மருமவளுக்காக...” என்று தொடங்கிய ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கூலி விவகாரத்துக்கும் இந்த விதி பொருந்தும். காண்டிராக்டரைப் பற்றிக் கடையில் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லலாம், கேட்க ஆள் உண்டு. விதிப்படி பார்த்தால் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர்தான். மத்தேயு 18ம் அதையே சொல்கிறது, நீயும் அவனும் தனித்திருக்கையில் சொல் என்று.

ஏப்ரல் 12, சனி

காண்டிராக்டரிடம் இவர்தான் போனார். பிரச்சினை என்னவென்றால், பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனை முடிந்து சபையாருக்கு ஊற்றும் கஞ்சி இந்த வருஷம் அந்தக் காண்டிராக்டர் செலவு. அரிசியும் பயறும் எங்கள் கடையில்தான் சொல்லி வைத்திருந்தார். இவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

“கஞ்சி பெறவு இருக்கட்டும், மொதல்ல அந்தப் பிள்ளைய கூலிய முடிங்கன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாக?”

“காணிக்கையையும் கடனையும் போட்டுக் குழப்பாதீயன்னாக. அரிசிய வேற கடையில பாத்துக்கிடுதாகளாம்.”

ராத்திரி ஒன்று சாமுவேல் 15ஐ எடுத்து வாசித்தேன். அமலேக்கியரின் ஆடுகளை அழிக்கச் சொன்னால், நல்ல ஆடுகளாகப் பார்த்து வைத்துக்கொண்டு, பலியிடத்தான் வைத்திருக்கிறோம் என்கிறான் சவுல். அந்த அதிகாரத்தின் கொலைக் கட்டளை என்னை எப்போதும் கலங்க வைக்கும், அதற்கு யார் சொன்ன விளக்கமும் என்னை ஆற்றியதில்லை. ஆனால் சவுலின் சாக்கு மட்டும் நேற்றுச் சொன்னதுபோல இருக்கிறது. செய்யச் சொன்னதைச் செய்யாமல், சொல்லாததைப் பெரிதாகச் செய்து அதன்மேல் கர்த்தர் பெயரை எழுதிவிடுகிறான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கடை அடைப்பு. பன்னிரண்டு முதல் மூன்று வரை ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பேசினார்கள், இரண்டு பேர் நன்றாகப் பேசினார்கள். கஞ்சி கொஞ்சம் குழைந்துவிட்டது. அது அந்த அரிசியின் குணம், எங்கள் சரக்காக இருந்தால் நின்றிருக்கும். காண்டிராக்டர் தாமே அகப்பையைப் பிடித்து ஊற்றினார். எங்களுக்கும் ஊற்றினார். இவர் வாங்கிக் குடித்துவிட்டு, “துவையல் நல்லாருக்கு” என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 19, சனி

சித்தாள் இன்று சீக்கிரமே வந்தாள். பழைய கூலியில் பெரும்பகுதி நேற்று ராத்திரி வீட்டுக்கே வந்துவிட்டதாம், மிச்சம் பண்டிகை கழிந்து. யார் கொண்டுவந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பற்றைத் தீர்த்துவிட்டு, பண்டிகைக்குப் பச்சரிசி, உளுந்து, அரைக் கிலோ கருப்பட்டி கேட்டாள். இவர் பனங்கருப்பட்டிப் பெட்டிப் பக்கம் கையைக் கொண்டு போனார்.

“அது வேண்டாம் அண்ணாச்சி, சீனி சேத்ததே போடுங்க. பிள்ளைகளுக்கு அதுதான் புடிக்கும், வெலையும் கம்மி.”

இவர் அட்டையை ஒருமுறை பார்த்தார். அப்புறம் அதையே நிறுத்துப் போட்டார்.