பிரமாண வாக்கியம்

மார்ச் 4

கனடாவின் பிரஜாவுரிமைக்கான விண்ணப்பத்தை இன்று பூர்த்திசெய்து அனுப்பினேன். விண்ணப்பிக்கும் தினத்துக்கு முந்திய ஐந்து வருஷங்களில் 1,095 நாட்களாவது இத்தேசத்தில் வசித்திருக்க வேண்டுமென்பது சட்டமாதலால், தகப்பனாரின் அந்தியேட்டிக்காக யாழ்ப்பாணம் போயிருந்த நாட்களைக் கடவுச்சீட்டின் முத்திரைகளைப் பார்த்துக் கழிக்க வேண்டியதாயிற்று. நிரந்தரவாசியான எனக்கு உத்தியோகத்துக்கும் வைத்தியத்துக்கும் இங்கே யாதொரு குறையுமில்லை. ஆயினும், இலங்கையின் 1948-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்க, அடுத்த வருஷத்துத் தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களுடைய வாக்கையும் பறித்துக்கொண்ட சரித்திரத்தை அறிந்தவன் எவனும், வாக்கில்லாத வாழ்வைப் பூரணமான வாழ்வென்று எண்ணித் திருப்தியடைய மாட்டான்.

ஆகஸ்ட் 19

பரீட்சைக்காக அரசாங்கத்தின் கைநூலை இரவுகளில் படித்துவருகிறேன். 20 வினாக்களில் 15-க்குச் சரியாக விடையளித்தால் தேறிவிடலாம். ஆனால் படிக்கப் படிக்கப் பரீட்சையின் கவலை விலகி, தேசத்தைப் பற்றிய சிந்தனையே மேலோங்குகிறது. கனேடியப் பிரஜை என்னும் தனி அந்தஸ்தே 1947 ஜனவரி 1-ஆம் தேதிதான் சட்டத்தில் உண்டாயிற்று. பூர்வகுடிகளாகச் சட்டத்தில் பதிவுபெற்றவர்களோ, அந்தப் பதிவை இழக்காமலே தேசத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையைப் பொதுவாகப் பெற 1960 வரை காத்திருக்க நேர்ந்தது. ஐரோப்பாவிலிருந்து பின்னாளில் வந்து குடியேறியவர் வாக்களித்த தேசத்தில், ஆதிமுதல் அங்கே வாழ்ந்தவர் ஒதுங்கி நின்றார்கள் என்பதைப் படித்தபோது, மலையகம் என் கண்முன் வந்தது.

அக்டோபர் 11

பரீட்சையில் தேறிய எனக்குச் சத்தியப்பிரமாணம் செய்துகொள்ள அழைப்பு வந்துவிட்டது. மூன்றாம் சார்ல்ஸ் மன்னருக்கு விசுவாசம் கூறும் அவ்வாக்கியத்தில், பூர்வகுடிகளின் உரிமைகளையும், அவர்களோடு செய்யப்பட்ட உடன்படிக்கைகளால் விளைந்த உரிமைகளையும் அங்கீகரிக்கும் அரசியல் சாசனத்தைக் கடைப்பிடிப்பதாகக் கூறும் பகுதி 2021-இல்தான் சேர்க்கப்பட்டது. டொரொன்டோ நகரத்து நிலத்துக்கென 1787-இல் எழுதப்பட்ட காணி உறுதி வெறுந்தாளாகவே இருந்ததும், 1805-இல் 10 ஷில்லிங் கொடுத்து அது மறுபடி நிறைவேற்றப்பட்டதும், அந்நிலத்தின் பூர்வகுடிகளான மிசிசாகா மக்களுக்கு 2010-இல் 14.5 கோடி டாலர் ஈடு கொடுத்து அதுபற்றிய உரிமைக்கோரிக்கை தீர்க்கப்பட்டதும் நான் குடியிருக்கும் நகரத்தின் வரலாறு. 1957-இல் இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் மறுவருஷமே கைவிடப்பட்டதன் பலனைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்த சமூகத்தில் பிறந்த எனக்கு, கைவிடப்பட்ட வாக்கின் பாரம் இன்னதென்று ஒருவர் விளக்கவேண்டியதில்லை.

அக்டோபர் 30

இன்று பிரமாணம் செய்தேன். இலங்கையில் வாக்கு மீறப்பட்டவர்களில் ஒருவனாக இருந்த நான், இங்கே வாக்குக் கொடுத்தவர்களின் வரிசையில் சேர்ந்துவிட்டேன். அவ்வுடன்படிக்கைகள் நான் பிறக்குமுன் எழுதப்பட்டவை, எனக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தமென்று சொல்லும் சுதந்திரம் இனி எனக்கில்லை. ஒரு தேசத்தின் சொத்தில் பங்கு பெறுகிறவன் அதன் கடனிலும் பங்கு பெறுகிறான். வரப்போகும் முதல் தேர்தலில் என் வாசலுக்கு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும், எங்கள் குடியேற்றச் சலுகைகளைப் பற்றிக் கேட்பதற்கு முன், அந்த உடன்படிக்கைகளை நிறைவேற்ற நீர் செய்யப்போவது யாதென்று கேட்பேன்.