ஒரு மீற்றர் பிரேக் லைன்

எங்கட ஊரில் ஒரு பெடியனின் கைக்கு பைக் வந்தால் முதலில் மாறுவது சைலன்சர். பிறகு லைட், அதுக்குப் பிறகு ஸ்டிக்கர், றிம், கண்ணாடி. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். சந்தியில் நிண்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பிரேக் லைன் அப்படியில்லை. ஹான்டிலில் இருந்து முன் சில்லுக்கு இறங்குகிற, ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமான குழாய் அது. ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு ஸ்டீல் பின்னல் லைன் போட்டிருக்கிறேன் என்று சொன்னபோது கூட்டாளி கேட்ட முதல் கேள்வி, "அதால எவ்வளவு ஸ்பீட் கூடும் மச்சான்?"

ஒண்டும் கூடாது. அந்தக் காசுக்கு நல்லதொரு சைலன்சர் வாங்கியிருக்கலாம் என்பதும் உண்மைதான். பிறகு ஏன் மாத்தினேன் என்பதைச் சொல்லத்தான் இது.

பைக் 2012ஆம் ஆண்டுப் பல்சர் 150. அப்பாவிடம் இருந்து எனக்கு வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 தொடக்கத்தில்தான் அது திரும்பத் திறந்தது. இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம், புதுசு வாங்க இருந்தவர்கள் எல்லாம் இருந்ததையே திருத்தித் திருத்தி ஓடினோம். எஞ்சின் செய்தோம், பெயின்ட் அடித்தோம், சீற் கவர் மாத்தினோம். பிரேக் ஹோஸைத் தொட்டவர்கள் குறைவு. ஒழுகாத வரைக்கும் அது நல்லா இருக்குது என்பதுதான் எங்கட கணக்கு. ஆனால் யமஹா போன்ற கம்பனிகளின் கைநூல்களை எடுத்துப் பார்த்தால், பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருக்காலும் ஹோஸை நாலு வருடத்துக்கு ஒருக்காலும் மாத்தச் சொல்லியிருக்கும். எங்கட ஹோஸுக்கு வயது பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கழற்றி வளைத்துப் பார்த்தால் மேல் முனைக்குக் கிட்ட மயிரிழை போலச் சின்னச் சின்ன வெடிப்பு.

டிஸ்க் பிரேக் வேலை செய்வது பள்ளிக்கூடத்தில் படித்த பஸ்கால் சொன்ன விசயத்தை வைத்துத்தான். லீவரை இழுக்க, மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற பிஸ்டன் ஒயிலைத் தள்ளும். ஒயில் அமத்தினாலும் சுருங்காத சாமான். அதனால் அந்த அமுக்கம் ஹோஸ் வழியாகக் கலிப்பருக்குப் போய், இரண்டு பாட்டையும் டிஸ்க்கோடு சேர்த்து இறுக்கும். ஒயில் சுருங்காது, ஆனால் ஹோஸ் விரியும். ரப்பருக்குள் நூல் பின்னல் இருந்தாலும் அமுக்கம் கூடும்போது அது கொஞ்சம் ஊதும். வயது போன ரப்பர் இன்னும் கூட ஊதும். உங்கட விரல் இழுத்ததில் ஒரு பங்கு சில்லுக்குப் போகாமல் குழாயை ஊத வைப்பதிலேயே முடிந்துவிடும். லீவர் 'பொதுபொது' எண்டு இருக்குது என்று நாங்கள் சொல்வதில் ஒரு பகுதி இதுதான்.

ஸ்டீல் பின்னல் லைனின் உள்ளே இருப்பது டெஃப்லோன் குழாய். அதற்கு மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி நெருக்கமாகப் பின்னியிருக்கும். அதற்கும் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. அந்த உறை வடிவுக்கு மட்டுமில்லை. உறையில்லாத பின்னல் ராங்கிலோ வயரிலோ உரஞ்சினால் அரம் போல அராவிவிடும். இந்த லைன் ஊதுவது மிகக் குறைவு. லீவர் இறுக்கமாக வரும். எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவு பிடிக்கும். எவ்வளவு விடுகிறீர்களோ அவ்வளவு விடும்.

இதைப் போட்டால் பைக் பாதித் தூரத்தில் நிற்கும் என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். பிரேக் நல்ல நிலையில் இருந்தால், கடைசியில் பைக்கை நிப்பாட்டுவது ரயரும் றோட்டும்தான். ரயர் வழுக்கத் தொடங்கும் எல்லையைச் சாதாரண ரப்பர் ஹோஸாலேயே தொட்டுவிடலாம். ஸ்டீல் லைனின் பெறுமதி, அந்த எல்லைக்குக் கிட்டப் போகும்போது விரலுக்கு அது தெரிகிறது என்பதில் இருக்கிறது. காற்றடிக்கிற நாட்களில் கரையோர றோட்டுகளில் மணல் பரவிக் கிடக்கும். மழை தொடங்கின முதல் பத்து நிமிடம் தார் சவர்க்காரம் போல இருக்கும். அந்த நேரங்களில் முன் சில்லு பூட்டுப்படுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே விரலுக்குச் செய்தி வரவேணும். பொதுபொது எண்ட லீவரில் அந்தச் செய்தி பிந்தித்தான் வரும்.

லைனுக்கு முன்னால் ஒயிலைப் பாருங்கள். நாங்கள் வழமையாக விடுகிற டொட் 3, டொட் 4 இரண்டும் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது டொட் 4 ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக்கூடாது என்பது தரம். அதில் 3.7 வீதம் தண்ணி சேர்ந்தால் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். யாழ்ப்பாணத்தின் தட்டை நிலத்தில் இது பெரிதாகத் தெரியாது. நுவரெலியாவில் இருந்து றம்பொடைப் பக்கம் பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கிப் பாருங்கள், அப்ப தெரியும். ஒயில் கொதித்தால் குமிழி வரும். குமிழி சுருங்கும். லீவர் ஹான்டில் மட்டும் வந்து முட்டும், பைக் நிற்காது. கையில் காசு குறைவென்றால் புது ரப்பர் ஹோஸ், புது ஒயில், நல்ல பாட் மூன்றையும் போடுங்கள். அதிலேயே பெரும்பங்கு வித்தியாசம் தெரியும். பழைய ஒயிலை விட்டுக்கொண்டு ஸ்டீல் லைன் போடுவது வீண்செலவு.

பூட்டினது பக்கத்து கராஜ் அண்ணை. நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். அவர் முதலில் செய்த வேலை பெற்றோல் ராங்கைத் துணியால் மூடியது. பிரேக் ஒயில் பட்டால் பெயின்ட் கழன்றுவிடும். லைனின் இரண்டு முனையிலும் நடுவில் ஓட்டை உள்ள போல்ட் வரும். அதன் இரண்டு பக்கமும் இருக்கிற செப்பு வொஷர்களைப் பழசே போதும் என்று விடாமல் புதுசு போட்டார். ஒருக்கா நசிந்த வொஷர் திரும்பச் சரியாக அடைக்காது. பிறகு காற்று எடுக்கிற வேலை: லீவரை இழுத்துப் பிடி, நிப்பிளைத் திற, மூடு, லீவரை விடு. குமிழி நிற்கும் வரைக்கும் இதேதான். கடைசியாக ஹான்டிலை இரண்டு பக்கமும் முட்ட முட்டத் திருப்பினார். முன் சில்லைத் தூக்கி ஃபோர்க் முழுக்க நீண்டபோதும் பார்த்தார். லைன் எங்கேயும் இழுபடவோ உரஞ்சவோ கூடாது.

அவர் இன்னொன்றும் சொன்னார். "தம்பி, மேல வலை போட்டதெல்லாம் ஸ்டீல் லைன் இல்லை." சாதாரண ரப்பருக்கு மேல் வெள்ளி நிறத்தில் வலை போட்டு விற்பதும் உண்டு. விபரமும் தர முத்திரையும் இல்லாத மலிவு லைனை விட கம்பனி ரப்பர் ஹோஸ் எவ்வளவோ மேல். ஏபிஎஸ் உள்ள பைக் என்றால் லைன்கள் கூட, காற்று எடுக்கிற முறையும் வேறு. தெரிந்தவர்களிடம் மட்டும் கொடுங்கள்.

அப்பாவுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. காசுக்காக இல்லை. "முன் பிரேக்கைத் தொடாத, தூக்கி எறிஞ்சு போடும்" என்றுதான் அவர் எனக்கு பைக் பழக்கினார். உங்கட அப்பாமாரும் அதையே சொல்லியிருப்பார்கள். அவர் ஓடிப் பழகினது ட்ரம் பிரேக் போட்ட எம்.டி. 90இல். பெற்றோல் வராத காலத்தில் அதை மண்ணெண்ணெயில் ஓடினார். றோட்டென்று சொல்லப்பட்டது கிடங்கும் கிரவலும். அந்த றோட்டில் முன் பிரேக்கை இறுக்கினவன் விழுந்துதான் இருப்பான். அவருடைய பயம் அவர் கண்டதில் இருந்து வந்தது, அதைப் பிழை என்று சொல்ல என்னால் ஏலாது.

ஆனால் றோட்டு மாறிவிட்டது. ஏ9இல் இப்போது எவ்வளவு வேகத்தில் ஓடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 17 மீற்றர். இருட்டில் றோட்டு நடுவில் படுத்திருக்கிற மாட்டுக்கு லைட் இல்லை. பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன்னுக்குப் போகும். பின் சில்லு லேசாகிவிடும். அப்போது பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சில்லு பூட்டுப்பட்டு வழுக்குமே தவிர பைக் நிற்காது. நிப்பாட்டுகிற வேலையில் பெரும்பங்கு முன் சில்லுக்குத்தான். நாங்கள் பயந்து தொடாமல் விடுவதும் அதைத்தான்.

தங்கச்சி இப்போது இந்த பைக்கில் பழகுகிறாள். ஆளில்லாத ஒரு மைதானத்தில் கோடு கீறி, முப்பதில் வந்து நிப்பாட்டச் சொன்னேன். பின் பிரேக் மட்டும்: ஏறக்குறைய பத்து மீற்றர். இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் தோடம்பழம் பிழிகிற மாதிரி மெல்லக் கூட்டிக் கூட்டிப் பிடித்தபோது ஆறு மீற்றர். அந்த நாலு மீற்றர் ஸ்டீல் லைனால் வந்ததில்லை. விரல் பழகினதால் வந்தது. லைன் செய்தது, விரல் சொன்னதை மாறாமல் சில்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது மட்டும்தான். அவள் பதினைந்து இருபது தரம் பிடித்துப் பார்த்த பிறகு, அப்பா எழும்பி வந்து "இஞ்ச கொண்டா" என்று பைக்கை வாங்கினார். முதல் இரண்டு தரமும் பின் பிரேக்தான். மூன்றாம் தரம் அவருடைய இரண்டு விரல் லீவருக்கு மேல் வந்தது.