பால்மரம் வெட்டிய கையும் ஸ்பேனர் பிடிக்கும் கையும்

மேரு பக்கமாகக் கிள்ளானுக்குள் வருகிறவர்கள் கையுறை ஆலைகளைப் பார்க்காமல் வர முடியாது. உலகத்து மருத்துவமனைகள் மாட்டிக்கொள்ளும் ரப்பர் கையுறைகளில் பெரும் பங்கு மலேசியாவில் உற்பத்தியாகிறது. 1991-இல் தொடங்கி, உலகின் மிகப் பெரிய கையுறை நிறுவனமாக வளர்ந்த டாப் குளோவின் தலைமையகம் பக்கத்தில் செத்தியா ஆலாமில் இருக்கிறது. இவ்வளவும் இங்கேயே இருக்க, இதே ஊரில் கார் பழுது பார்க்கும் நம் பிள்ளைகள் வெறுங்கையோடு கறுப்பெண்ணெயில் அளைந்துகொண்டிருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிவந்த எனக்கு இது இன்னும் பழகவில்லை. பழகவும் கூடாது என்று நினைக்கிறேன்.

இங்கே கார் ஆடம்பரப் பொருள் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்துகொண்டு ஷா ஆலாமில் வேலை பார்ப்பவர் என்ன செய்வார்? பழைய புரோட்டான் சாகாவோ மைவியோ ஒன்று வாங்கி, அது நிற்காமல் ஓடும்படி பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நாலைந்து பேராவது நிற்பார்கள். ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது, பேட்டரி மாற்றுவது எல்லாம் வீட்டு வேலையில் சேர்த்தி.

எனக்கு இந்த வேலைகளைச் சொல்லிக்கொடுத்தவர் கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன். மெக்கானிக்கை இங்கே ஃபோர்மன் என்பார்கள். கையுறைப் பேச்சை எடுத்தால் அவருக்குப் பிடிக்காது. “கிளவுஸ் போட்டா நட்டு பிடிபடாது தம்பி. விரல்தான் நமக்குக் கண்ணு. எங்கப்பா பாலுலயும் ஆசிட்டுலயும் கையை விட்டாரு, அவரு என்ன கிளவுஸா போட்டாரு?”

அவருடைய அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போய், மரம் மரமாக வெட்டி, மங்கில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து, ஒட்டுப்பாலை விரலால் உரித்தெடுத்தவர்கள் அந்தத் தலைமுறையினர். பாலை உறைய வைக்கப் பார்மிக் அமிலம் கலப்பார்கள். அதிலும் கை படும். அந்தக் கைகளுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அவர்கள் கையுறை வேண்டாமென்று சொன்னவர்கள் அல்லர். யாரும் கொடுக்கவில்லை. கொடுக்காமல் விட்டதை வீரம் என்று நாமே சொல்லிக்கொள்வதுதான் எனக்கு வலிக்கிறது.

ஓடி முடித்த இன்ஜின் ஆயில் புது ஆயிலைப் போன்றது அல்ல. சூட்டிலும் எரிபொருள் எரிவதிலும் உண்டாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் அதில் சேர்ந்துகொள்கின்றன. அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. 1775-இல் லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்களுக்கு வரும் தோல் புற்றுநோய்க்கு அவர்கள் உடம்பில் படியும் கரியே காரணம் என்று எழுதினார். அந்தக் கரியில் இருந்ததும் இதே வகைச் சேர்மங்கள்தாம். ஒருநாள் பட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆண்டுக்கணக்கில், தினமும், நகக்கண்ணில் ஊறும்போதுதான் ஆபத்து. எண்ணெய்த் துணியைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் பழக்கமும் கூடாது. அங்கே தோல் இன்னும் மென்மையானது. பெட்ரோலில் கை கழுவுவது எல்லாவற்றிலும் கேடு. தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையை அது உருவிக்கொண்டு போய்விடும். வெடித்த தோல் வழியாக மற்றதெல்லாம் உள்ளே போகும்.

சரி, எந்தக் கையுறை? நம்மவர்கள் வெட்டிய பால்மரத்தின் பாலில் செய்த லேட்டக்ஸ் கையுறை நன்றாக இழுபடும், விரலோடு படியும். ஆனால் கார் வேலைக்கு அது உதவாது. இயற்கை ரப்பரும் பெட்ரோலிய எண்ணெயும் ஒரே குணமுள்ள ஹைட்ரோகார்பன்கள் என்பதால் எண்ணெய் ரப்பருக்குள் புகுந்து அதை உப்ப வைக்கும். உப்பியது இளகிக் கிழியும். நைட்ரைல் என்பது 1930-களில் ஜெர்மனியில் உருவான செயற்கை ரப்பர். அதிலுள்ள அக்ரிலோநைட்ரைலின் மின்முனைத் தன்மை எண்ணெயை உள்ளே விடாது. லேட்டக்ஸ் புரதத்தால் ஒவ்வாமை வருகிறவர்களுக்கும் இது பாதுகாப்பு. ஆகவே ஆயில், கிரீஸ், டீசல் என்றால் நைட்ரைல்தான்.

மருத்துவமனைக் கையுறை ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன். போல்ட்டின் விளிம்பு பட்டாலே கிழியும். 0.15 முதல் 0.2 வரை தடிமனுள்ள, விரலில் வைரக்கட்டம் போல் சொரசொரப்பு வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். கடைகளில் கறுப்பு நிறம்தான் அதிகம் போகிறது. எனக்கு ஆரஞ்சுதான் பிடிக்கும். கிழிந்தால் உடனே தெரியும். ஹார்ட்வேர் கடையில் டஜன் கணக்கில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளைப் பருத்திக் கையுறையை ஆயில் வேலைக்குத் தொடவே தொடாதீர்கள். அது எண்ணெயைக் குடித்துத் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். டயர் கழற்ற, கூரான தகட்டைத் தூக்க, உள்ளங்கையில் நைட்ரைல் பூசிய நைலான் கையுறை நல்லது. அதில் சுத்தியல் படத்தோடு இஎன் 388 என்ற குறி இருந்தால், கீழேயுள்ள எண்களும் எழுத்துகளும் தேய்மானம், வெட்டு, கிழிசல், குத்தல் ஆகியவற்றை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும். அசிட்டோன் கலந்த பிரேக் கிளீனரை மெல்லிய நைட்ரைல் நெடுநேரம் தாங்காது; கையில் தெறித்தால் உடனே கழற்றி வேறு மாட்ட வேண்டும். சூடான புகைக்குழாய்க்குத் தோல் கையுறை. இன்ஜின் ஓடும்போது பெல்ட், ஃபேன் பக்கம் எந்தக் கையுறையும் கூடாது. கையுறையோடு விரலையும் சேர்த்து இழுத்துவிடும். ஹைபிரிட் காரின் ஆரஞ்சு நிறக் கேபிளை வீட்டில் யாரும் தொட வேண்டாம்.

இந்த ஊர் வெயிலில் கை வியர்க்கும் என்பது உண்மையான குறை. கழற்றி, துடைத்து, காயவிட்டுப் புதிதாக மாட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அறுவை மருத்துவத்துக்கு ரப்பர் கையுறை வந்த கதையை அந்த அண்ணனிடம் ஒருநாள் சொன்னேன். 1889-ஐ ஒட்டிய காலம், பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. கிருமிநாசினிப் பாதரசக் கரைசலில் தாதி கேரலைன் ஹாம்ப்டனின் கைகள் புண்ணாகின. அவருக்காக அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், குட்இயர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறை செய்வித்தார். நோயாளிக்காக அல்ல, வேலை செய்கிற ஒருவரின் கைக்காகத்தான் அது வந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2020 ஜூலையில் கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் டாப் குளோவின் இரண்டு துணை நிறுவனங்களின் கையுறைகள் இறக்குமதியாவதை அமெரிக்கா நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் கிள்ளானில் அந்நிறுவனத் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா பரவி, 28 ஆலைகளைப் படிப்படியாக மூட அரசு உத்தரவிட்டது. தொழிலாளர்கள் வேலைக்கு வரக் கட்டிய ஆள்சேர்ப்புக் கட்டணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் அமெரிக்கத் தடை நீங்கியது. நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் கடனோடு வந்த அந்தப் பிள்ளைகளுக்கும், கங்காணியின் முன்பணக் கடனோடு கப்பலேறிய நம் முன்னோருக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. கையுறை வாங்கும்போது இதையும் நினைக்கிறேன்.

நூறு கையுறை கொண்ட ஒரு பெட்டியின் விலை, நல்ல ஆயில் நாலு லிட்டருக்குக் கொடுக்கும் வெள்ளியில் சிறு பங்குதான். பட்டறையில் வேலை பழகும் பையன்களுக்கு அதை முதலாளிதான் வாங்கித்தர வேண்டும். அவர்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. நான் கொடுத்த ஆரஞ்சுக் கையுறையை மாட்டி, கீழே படுத்து, வடிகால் போல்ட்டை விரலாலேயே மரை பிடிக்க வைத்துப் பார்த்தார். “சைஸ் சரியா இருந்தா தெரியுதுலா” என்றார். அவருக்கு எக்ஸ்எல். பையனுக்கு எம் போதும். தொளதொளவென்று இருந்தால் அவன் கழற்றிப் போட்டுவிடுவான், அதனால் தனித்தனிப் பெட்டியாக வாங்கச் சொல்லியிருக்கிறேன்.