பத்தாம் திகதி

பசறைப் பக்கம் ஒரு தவறணை. பத்தாம் திகதி, தோட்டங்களில் சம்பள நாள். பின்னேரம் நான்கு மணிக்கே வாசல் நிறைந்துவிட்டது.

வீதிக்கு மறுபக்கம், மதிலோரமாக ஒரு பெண் நிற்கிறாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். சுட்டுவிரல் நுனியில் வெடிப்பு. மலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள். இடுப்புப் படங்கை மடித்துக் கக்கத்தில் வைத்திருக்கிறாள். அவளுடைய சம்பளத்தையும் சேர்த்து வாங்கியவர் உள்ளே. பெண்சாதியின் சம்பளத்தைப் புருஷன் வாங்குவது தோட்டங்களில் நெடுநாள் வழக்கம்.

"ஏங்க, பிள்ளைக்குக் கொப்பி வாங்கணும்."

இரண்டு தரம் கூப்பிட்டாள். அவர் எச்சில் தொட்டுத் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தார். 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான்.

கால் போத்தல் சாராயம், 180 மில்லிலீட்டர். தண்ணீர் கலக்காமல் இரண்டே மடக்கு. அதிலுள்ள மதுசாரம் ஏறக்குறைய 45 கிராம். அதை எரித்து முடிக்க ஈரலுக்கு ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். அவர் அடுத்த காலுக்குக் கை நீட்டிவிட்டார்.

மீசை அரும்பாத பையன் ஒருவனும் வந்தான். 21 வயதாகாதவர்களுக்கு விற்கக் கூடாதென்கிறது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். கடைக்காரர் கொடுக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் வாங்கி, சந்து முனையில் அவனிடம் கொடுத்தார். போயா தினத்தில் தவறணை பூட்டியிருக்கும். அன்றைக்குக் கசிப்பு லயத்துக்கே வரும்.

பெண்களுக்கும் மதுபானம் விற்கக் கூடாதென்று 1979இல் ஒரு கட்டளை போட்டார்கள். 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் சொன்னார் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. நாடே அதைப் பேசியது. மதிலோரம் நிற்பவள் போத்தல் வாங்குவதல்ல, அவள் பறித்த கொழுந்துக் காசில் போத்தல் வாங்கப்படுவதுதான் எனக்குக் குற்றமாகப் படுகிறது.

அவர் வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மீதியை அவள் கேட்டாள். இருந்த சில்லறையைக் கொடுத்தார். கொப்பிக் கடையைத் தாண்டி இருவரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

தோட்ட நிர்வாகங்களே, தொழிற்சங்கத் தலைவர்களே, உழைத்தவள் சம்பளத்தை அவள் கையில் கொடுங்கள், அல்லது அவள் பெயரிலுள்ள கணக்கில் போடுங்கள். அடுத்த பத்தாம் திகதிக்கே செய்யலாம்.