சிகாகோவின் இரும்பு வளையம்

அமெரிக்க நாட்டிலுள்ள சிகாகோ மாநகரின் நடுப்பகுதியை அவ்வூரார் ‘லூப்’ என்பர். வளையம் என்று பொருள். கடைவீதிகளுக்கு மேலே, இரும்புத் தூண்களின்மீது, இரட்டை இருப்புப்பாதை நீள்சதுரமாகச் சுற்றி வருகிறது. வடக்கே லேக் தெரு, கிழக்கே வாபாஷ், தெற்கே வான் பியூரன், மேற்கே வெல்ஸ். முழுச் சுற்றும் இரண்டு மைலுக்குக் குறைவே. இரயில்வேயில் பணிபுரியும் நம் போன்றோருக்கு மைல் கணக்கில் இஃது ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆயினும் அதன் பயன் பெரிது.

அந்நகரில் உயர்மட்ட இரயில் 1892ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிற்று. முதலில் வந்த மூன்று கம்பெனிகளின் வண்டிகளும் நடுவூரின் ஓரத்தோடு நின்றுவிட்டன. பிரயாணிகள் இறங்கி நடந்தனர். தெருவின்மேல் பாதை போடத் தெருவோர நில உடைமையாளரில் பெரும்பகுதியினர் இசைய வேண்டும் என்பது சட்டம். சார்லஸ் யெர்க்ஸ் என்னும் செல்வர் வெவ்வேறு கம்பெனிகளின் பெயரால் பக்கம் பக்கமாக இசைவு பெற்று, 1897இல் வளையத்தை முடித்தார். போட்டியிட்ட கம்பெனிகளின் வண்டிகள் ஒரே பாதையில் ஓடலாயின.

நாமும் ஒரு முறை சுற்றி வருவோம். தென்மேற்கே மிட்வே விமான நிலையத்திலிருந்து வரும் ஆரஞ்சு வண்டி வலமாகச் சுற்றும்; வடக்கிலிருந்து வரும் பழுப்பு வண்டி இடமாகச் சுற்றும். குவின்சி நிலையம் 1897ஆம் ஆண்டுத் தோற்றத்திலேயே புதுப்பிக்கப்பெற்றுள்ளது. கிளார்க்–லேக் நிலையத்தின் அடியில் சுரங்க இரயில் ஓடுகிறது. ஓஹேர் விமான நிலையத்திலிருந்து அதில் வருவோர், வேறு கட்டணமின்றி மேலேறி வளையத்து வண்டியைப் பிடிக்கலாம். ஆடம்ஸ் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே ஒரு தெரு நடந்தால் கலைக்கூடம். இராமநாதபுரம் மன்னரும் வீடு வீடாகப் பொருள் திரட்டிய சென்னை அன்பர்களும் அனுப்பிவைத்த சுவாமி விவேகானந்தர், 1893இல் முழங்கிய இடம் அதுவே.

வளையத்துக்குக் குறையும் உண்டு. லேக், வெல்ஸ் தெருக்கள் கூடும் முனையில் ஐந்து தடத்து வண்டிகள் ஒரே மட்டத்தில் ஒன்றையொன்று கடக்கின்றன. ஒன்று நின்றால் மற்றவை காத்து நிற்கும். 1977 பிப்ரவரி 4 மாலையில், கிழக்கு மூலை வளைவில் நின்ற வண்டிமீது பின்வந்த வண்டி மோத, பெட்டிகள் தெருவில் வீழ்ந்து 11 பேர் மாண்டனர். கைகாட்டியை மதிப்பது எத்துணை இன்றியமையாதது என்பதை இரயில்வேக் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இரைச்சலும் நிழலும் மிகுந்த இவ்வமைப்பை இடித்துவிட 1970களில் திட்டமிட்டனர். 1979இல் அது கைவிடப்பெற்றது. நகரம் நல்ல முடிவே செய்தது என்பது நம் கருத்து. பாதைகள் எத்தனை நீண்டாலும், அவை ஓரிடத்தில் கூடாவிடில் பிரயாணிக்குப் பாதிப் பயனே. மூட்டையும் குழந்தைகளுமாகப் புதிய ஊரில் வந்திறங்கும் குடும்பத்துக்கு, எத்திசைக்கும் வண்டி கிடைக்கும் ஓர் இடம் இருப்பது எவ்வளவு ஆறுதல் என்பதைப் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாம் நன்கு அறிவோம்.